அரூஸ் ஆள் ஏற்றிப் பார்த்த கார்

மடவளை அரூஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்தக் கண்டிச் சீமையில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஊசிக்குப் பயம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டால், கீழே மகாவலி ஓடுகிறதே என்று மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார். மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். படுத்த பிறகு எழும்பிப் போய் இன்னொரு தடவை பார்ப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய, தாடி நரைத்த, ஊரில் நாலு பேர் ஸலாம் சொல்லும் மனிதர் இப்படி இருக்கலாமா என்று கேட்டால், இருக்கிறாரே, என்ன செய்வது.

ஆனால் அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பாவித்த வாகனம் வாங்குகிறவர்கள் முதலில் அரூஸைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் வாகனத்தைப் பார்த்து, ஓட்டி, 'எடுக்கலாம்' அல்லது 'வாணாம்' என்று ஒரு சொல் சொல்லுவார். அந்தச் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. துணிச்சல்காரன் ஓட்டினால் கார் நன்றாகத்தான் ஓடும். பயந்தவன் ஓட்டினால்தான் அதன் குற்றம் குறை எல்லாம் வெளியே வரும் என்பது ஊரின் தீர்ப்பு. பின்சில்லில் எங்கோ ஒரு 'கிர்' கேட்டால் போதும், அரூஸின் முகம் வெளுத்துவிடும். வெளுத்த முகத்தைப் பார்த்தே சிலர் வேறு கார் தேடப் போயிருக்கிறார்கள்.

வாலிபத்தில் அவர் சாரதியானதே ஒரு கூத்து. மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் உட்கார அவருக்கு உயிர் போகும். பஸ் சாரதி வளைவில் முந்தப் பார்த்தால் மணியை அடித்து இறங்கி நடந்துவிடுவார். இப்படியே நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், சுக்கானைத் தானே பிடித்தால் பயம் குறையும் என்று கணக்குப் போட்டு ஓட்டப் பழகினார். மிளகும் கராம்பும் ஏற்றும் வேன் ஒன்றைப் பல வருடம் ஓட்டினார். பயம் குறைந்ததா என்றால், இல்லை. முன்பு உட்கார்ந்துகொண்டு பயந்தவர் இப்போது ஓட்டிக்கொண்டே பயந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கார் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெறுங்காரை ஓட்டி அவர் தீர்ப்புச் சொல்லவே மாட்டார். வாங்குகிறவரின் குடும்பத்தைப் பின்னால் ஏற்ற வேண்டும். பெண்சாதி, பிள்ளை, தாய், யாராவது. "வெறுங்கார் பொய் செல்லும்" என்பார்; ஊர்ப்பேச்சில் 'சொல்லும்' என்பது 'செல்லும்'. ஆள் ஏறினால்தான் ஸ்பிரிங் முனகும், எஞ்சின் மூச்சு வாங்கும், பிரேக் தன் குணத்தைக் காட்டும். அதோடு, பின்னால் இருப்பவர்களின் இடுப்பும் வயிறும் சொல்லுவதை எந்த மெக்கானிக்கும் சொல்ல மாட்டான். இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் வெளியே சொல்வதில்லை. பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற நினைப்பு வந்தால் அவருக்குப் பயம் இரட்டிக்கும். பயம் இரட்டித்தால் காது இன்னும் கூர்மையாகும்.

இத்தனை காலமும் ஏற்றியது மற்றவர்களின் குடும்பத்தைத்தான்.

போன மாதம் அவருடைய மருமகன் ரிஸ்கான் வந்து கதிரையில் உட்கார்ந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், கொஞ்சம் அவசரக்காரன். பல வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து, ஒரு பழைய வேனை வைத்து வாடகைக்கு ஹயர் ஓடிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்குக் கல்யாணக் கார் ஆசை. கண்டியில் எந்தச் சாதிக் கல்யாணமானாலும் மணப்பெண்ணை ஏற்ற நீளமான, கறுப்பான, பளபளவென்ற கார் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று கட்டுகஸ்தோட்டையில் பாவித்த கார் விற்கும் ஒரு கார் சேலில் வந்து நிற்கிறதாம். கொழும்பில் ஒரு பெரிய மனுஷர் பாவித்ததாம். வெளிநாட்டுக் கார், கதவைச் சாத்தினால் சத்தமே வராதாம்.

"மாமா, நீங்க பாத்துச் செல்லாம நான் எடுக்கிறதா? நாளைக்கே போவம். உம்மாவையும் இன்ஷிராவையும் பின்னுக்கு ஏத்துவம்."

 இன்ஷிரா அரூஸுக்கு ஒரே மகள், ரிஸ்கானின் மனைவி. கல்யாணம் முடித்து ஏழெட்டு வருடம் வைத்தியரும் மருந்தும் நேர்ச்சையுமாக அலைந்து, இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஏழாவது மாதம். அவள் மாடிப்படியில் ஏறினாலே அவர் கீழே நின்று 'பிஸ்மி' சொல்லுகிற ஆள்.

"அவ எதுக்கு மகன்? ரெண்டு அரிசி மூட்டைய போட்டுக்கொள்ளுவம்" என்றார்.

ரிஸ்கான் சிரித்தான். "ஊருக்கெல்லாம் குடும்பத்த ஏத்தச் செல்லிட்டு, நமக்கு மட்டும் அரிசி மூட்டையா மாமா? அரிசி மூட்டைக்கு இடுப்பு வலிக்குமா?"

 அதற்கு முந்திய வாரம்தான் கம்பளைக்காரர் ஒருவர் குடும்பத்தைக் கூட்டி வரவில்லை என்று அரூஸ் சாவியைக் கூடத் தொடாமல் திரும்பியிருந்தார். அது மடவளை முழுக்கப் பரவியும் இருந்தது. போதாததற்கு, சமையலறையிலிருந்து இன்ஷிராவே எட்டிப் பார்த்து, "நான் வாறேன் வாப்பா, வீட்டுக்குள்ளயே இருந்து அலுத்துப் போச்சு" என்றாள். மகள் கேட்டு மறுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. மனைவி மஸீனா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலை கட்டுகஸ்தோட்டையில் கார் சேலுக்குப் போனார்கள். அங்கே வேலை செய்யும் சுமன் தலாத்துஓயாவுக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்துப் பையன். முதலாளி கொழும்புக்குப் போயிருந்ததால் கடையை விட்டு அவனால் வர முடியவில்லை.

"நீங்களே எடுத்துட்டுப் போயிட்டு வாங்க நானா" என்று சாவியைக் கொடுத்தான். "வேற யாருக்கும் இப்படித் தர மாட்டேன். நீங்கன்னா எனக்குப் பயமில்ல. இது போச்சுன்னா மொதலாளி என்னையத்தான் கேப்பாரு."

அரூஸ் போனட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் எதையோ மறைக்கிறது என்பது அவருடைய சட்டம். குனிந்து அடியைப் பார்த்தார், எண்ணெய்க் கசிவு இல்லை. டயரைத் தடவிப் பார்த்தார், நாலும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. கதவைத் திறந்து மூடினார். உண்மையாகவே சத்தம் வரவில்லை. காற்று உள்ளே இழுபடும் மெல்லிய மூச்சு மட்டும். அதைக் கேட்டதும் அவருக்கு ஏனோ பிடிக்கவில்லை. பூட்டியதா பூட்டவில்லையா என்று தெரியாத கதவு என்ன கதவு?

பின்னால் ரிஸ்கானின் தாய் உம்மு குல்சும் ஒரு பக்கம் ஏறினார், கனத்த உடம்புக்காரி. மறுபக்கம் இன்ஷிரா. காலை நீட்டினாலும் முன் சீற்றில் முட்டவில்லை. "ராத்தா, எப்பிடி ஈக்கு?" என்று அரூஸ் கேட்டார். "எங்கட வீட்டு சோபா செட்டியிலும் இப்பிடி இருந்ததில்ல தம்பி" என்று உம்மு குல்சும் சாய்ந்துகொண்டார். முன்னால் ரிஸ்கான் உட்கார்ந்து உடனே போனை எடுத்து, மரப்பலகை பதித்த முன்பக்கத்தையும் திரையையும் வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஆனதா இல்லையா என்று ரிஸ்கானைக் கேட்டார். ஆகியிருந்தது.

மடவளைப் பாதையில் குண்டும் குழியும் உள்ள இடங்களை அவர் விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறார். பள்ளிவாசலைத் தாண்டியதும் ஒன்று, பாலர் பாடசாலைக்கு முன்னால் இரண்டு. எந்தக் காரும் அங்கே ஒரு வார்த்தை பேசும். இந்தக் கார் பேசவில்லை. சில்லு குழியில் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. திகனப் பக்கத்து நேர்பாதையில் மிதித்துப் பார்த்தார். கார் முதுகில் கையை வைத்துத் தள்ளியது மாதிரி முன்னே போனது. கியர் மாறிய இடம் பிடிபடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடின, காற்றுச் சத்தம் மட்டும் இல்லை. ஸ்டீரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலும் கோடு போட்டது மாதிரிப் போனது.

"எப்பிடி மாமா?"

"பொறுங்க, ஏத்தம் பாப்பம்."

தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் விட்டார். அவருடைய சொந்தக் கார் இந்த ஏற்றத்தில் கிழவன் மாதிரி இருமும். இந்தக் கறுப்புக் கார் நாலு பேரையும் தூக்கிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போகிறவனைப் போலச் சாவகாசமாக ஏறியது. வளைவுகளில் உடம்பு ஒரு பக்கம் சரிய வேண்டும், சரியவில்லை. நீளமான கார் என்பதால் இறுக்கமான திருப்பத்தில் கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு தடவை பழகினால் போதும். உச்சிக்குப் போவதற்குள் உம்மு குல்சும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். மேலே ஒரு கடை வாசலில் காரைத் திருப்பினார்.

திருப்பும்போதுதான் அரூஸுக்கு ஒன்று விளங்கியது. இவ்வளவு நேரமும் அவருக்குப் பயமே வரவில்லை. கொஞ்சம் கூட வரவில்லை. பின்னால் மகள் இருக்கிறாள், மகளின் வயிற்றில் பிள்ளை இருக்கிறது, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அப்படியிருந்தும் நெஞ்சு தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு நிம்மதியை அவர் கண்டதில்லை. பெரிய மனுஷர்கள் ஏன் இவ்வளவு கொட்டிக் கொடுத்து இதை வாங்குகிறார்கள் என்று அப்போது புரிந்தது. 'எடுக்கலாம்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

இறக்கம் தொடங்கியது. அவருடைய இடது கை கியரைத் தொட்டு முன்னால் ஒரு தள்ளுத் தள்ளியது. அவர் தள்ளவில்லை, கைதான் தள்ளியது.

இதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்தில், மலைநாட்டுச் சாரதி ஒருவன் பாக்கியில்லாமல் பழகிய வேலை இது: உச்சிக்கு வந்ததும் நியூட்ரலில் போட்டு, இறக்கம் முழுக்க எஞ்சினுக்கு வேலை கொடுக்காமல் உருட்டிக்கொண்டு வருவது. ஒரு சொட்டு மிச்சமானாலும் மிச்சம்தானே. இத்தனை பயமுள்ள அரூஸும் பழகினார். நடுவழியில் பெற்றோல் தீர்ந்து நிற்கும் பயம் அவருக்கு அதைவிடப் பெரிது. வரிசை போனது, கையின் பழக்கம் போகவில்லை. சின்னக் காரில் அது தெரியவும் தெரியாது. நியூட்ரலில் விட்டால் சில்லுச் சத்தம் கூடும், ஜன்னல் அதிரும், வேகம் ஏறுவது காதில் விழும்; பிரேக்கை மிதித்தால் அடங்கிவிடும்.

இந்தக் காரில் எதுவும் காதில் விழவில்லை. பாரம் மட்டும் இருந்தது, இரண்டு சின்னக் காரின் பாரம். அது சத்தமில்லாமல் உருளத் தொடங்கியது.

முதல் வளைவில் மெல்ல மிதித்தார், கார் கேட்டது. இரண்டாவதில் மிதித்தார், கேட்டது. மிதிப்பதும் விடுவதுமாக, ரிஸ்கான் காட்டிய வீடியோவைக் கடைக்கண்ணால் பார்த்துத் தலையாட்டியபடியே இறங்கினார். தூரத்தில் ஒரு முச்சக்கர வண்டி போய்க்கொண்டிருந்தது. அடுத்த தடவை நிமிர்ந்து பார்க்கும்போது அதன் பின்பக்கத்து எழுத்தை வாசிக்க முடிந்தது. அரூஸ் திடுக்கிட்டு மீட்டரைப் பார்த்தார். அந்தப் பாதையில் யாரும் ஓடாத வேகம்.

மிதித்தார். கார் அரைமனதோடு கேட்டது. முச்சக்கர வண்டியை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. அதன் சாரதியின் வாய் அசைந்ததைத்தான் கண்டார். இன்னும் அழுத்தி மிதித்தார். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கியது, வேகம் இறங்கவில்லை. ஏசிக் காற்றில் கரிந்த வாடை ஒன்று வந்தது. அப்போதுதான் ரிஸ்கானும் போனைக் கீழே இறக்கினான்.

"மாமா?"

 அத்தனை நேரமும் வராத பயம் அரூஸுக்கு வட்டியோடு வந்து சேர்ந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். உம்மு குல்சும் தூங்கிக்கொண்டிருந்தார். இன்ஷிரா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் வயிற்றில் வைத்திருந்தாள். அவளும் தூங்கிவிட்டாள். அல்லாஹ்வே, இந்தப் பிள்ளை எழும்ப வாணாம், இந்த நேரத்தில் எழும்ப வாணாம் என்று மனம் கிடந்து அடித்தது. வளைவுக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கம் வெயிலில் மினுங்கியது, எவ்வளவு கீழே என்று பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு ஹோர்ன் கேட்டது. மஹியங்கனைக்குப் போகும் பஸ் கீழிருந்து, பாதையின் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு ஏறி வந்தது. அரூஸ் வாயில் கலிமா, கண் எங்கெங்கோ தேடியது. அப்போது மீட்டருக்குப் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த ஒரு எழுத்து கண்ணில் பட்டது. நியூட்ரலின் எழுத்து.

கியரை ஒரே இழுப்பாக இழுத்தார். ஸ்டீரிங்குக்குப் பின்னால் இருந்த, கியரை இறக்கும் சின்னத் துடுப்பை விரலால் தட்டினார், இன்னொரு தடவை, இன்னொரு தடவை. எஞ்சின் அலறியது. காலையிலிருந்து அந்தக் கார் போட்ட முதல் சத்தம் அதுதான். எல்லோரும் முன்னால் தள்ளப்பட்டார்கள், உம்மு குல்சும் தூக்கத்திலேயே ஏதோ முனகித் திரும்பச் சாய்ந்தார். பஸ்ஸுக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில் கார் நுழைந்தது. பஸ்ஸின் பக்கம் முழுக்க ஜன்னலை உரசுவது போலக் கடந்து போனது. இடது சில்லுக்கு அடியில் சரளை நொறுங்கியது. பிறகு பாதை வெறிச்சென்று நேராக இருந்தது. வேகம் விழுந்தது, இன்னும் விழுந்தது. சோளம் விற்கும் பூட்டிய கடை ஒன்றின் முன்னால், மலைப்பக்கத்து மண்ணில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

முன்சில்லுகளிலிருந்து புகை வந்தது. 

முதலில் பேசியவன் ரிஸ்கான். அவன் குரல் கீச்சென்று வந்தது. "மாமா, நீங்க இல்லாட்டி நாம எல்லாம் மவுத்து. வேற ஒருத்தன் ஓட்டியிருந்தா அவ்வளவுதான்." அரூஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "பிரேக் இல்லாத கார நமக்குத் தள்ளப் பாத்திருக்கானுகளே. அந்த சுமனுக்கு இண்டைக்கு இருக்கு. ஊரெல்லாம் செல்லி, அவன அந்தக் கடையில இருந்து தூக்குறனா இல்லையா பாருங்க."

அரூஸ் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்பது அவருக்கு விளங்கியது. மருமகன் எதையும் காணவில்லை, பின்னால் உம்மு குல்சும் இன்னும் தூக்கம், இன்ஷிராவும் கண் திறக்கவில்லை. 'வாணாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாளைக்கு மடவளையில், அரூஸ் நானா பிரேக் இல்லாத காரை மலையில் அடக்கி மகளைக் காப்பாற்றினார் என்று பேசுவார்கள். உண்மையைச் சொன்னால்? நியூட்ரலில் போட்டு நிறைமாதத்தை நெருங்கும் சொந்த மகளைப் பள்ளத்தில் தள்ளப் பார்த்தவனிடம் இனி எவன் சாவியைக் கொடுப்பான்? மருமகன் முகத்தில் எப்படி முழிப்பது? அவர் பயந்து பயந்து சேர்த்த பேர் ஒரு நிமிடத்தில் நாறிவிடும். அவர் பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமை நல்ல சுகமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ரிஸ்கான் சுமனின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே பேசினான். "இந்தப் பெரிய காரெல்லாம் நமக்குச் சரிப்படாது மாமா. நம்மட வேன் போதும். பெருநாளைக்கு மஹியங்கனைப் பக்கம் சாச்சி வீட்டுக்கும் இன்ஷிராவ அதுலயே கூட்டிக்கொண்டு போறேன். அது எண்டா அந்த மலைப்பாதையில பதினெட்டு வளைவும் நியூட்ரல்ல விட்டாலும் பூ மாதிரி இறங்கும்."

 அந்தப் பழைய வேன், அந்தப் பதினெட்டு வளைவு, உள்ளே அவருடைய மகள், அதற்குள் பிறந்துவிடும் கைக்குழந்தை. அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். பேர் நாறும் பயமும் இந்தப் பயமும் ஒரு விநாடி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இந்தப் பயம் மலையளவு பெரிதாக இருந்தது.

போனிலிருந்து சுமனின் குரல் கேட்டது. "ஹலோ, சொல்லுங்கண்ணே. கார் எப்படி?"

"மகன், போன வைங்க" என்றார் அரூஸ்.

"ஏன் மாமா, நாலு வார்த்த கேக்கணும்."

"கார்ல பிழை இல்ல. பிரேக்லயும் பிழை இல்ல. நான் நியூட்ரல்ல போட்டுட்டேன். மேல இருந்து நியூட்ரல்லதான் வந்தேன். பிரேக் எரிஞ்சி போகாம என்ன செய்யும்?" அவர் ரிஸ்கானின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "இந்தத் தடவ தப்பினது அல்லாஹ்ட காவல். என்ட கெட்டித்தனம் ஒண்டுமில்ல. நீங்களும் வேன அப்பிடித்தான் இறக்கிறீங்க. இனி இறக்க வாணாம். என்ட புள்ள அதுக்குள்ள இருப்பா. ஒங்கட புள்ளயும் இருக்கும்."

ரிஸ்கான் போனைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "பொறகு எடுக்கிறேன் சுமன்" என்று வெட்டினான்.  அவன் முகத்தில் இருந்த மரியாதை மெல்ல மெல்ல இறங்கியதை அரூஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் கதவைத் திறந்து வெளியே போய், புகை வரும் சில்லுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியும் வாப்பா."

குரல் பின்னாலிருந்து வந்தது. அரூஸ் திரும்பினார். இன்ஷிரா கண்ணைத் திறந்திருந்தாள். தூங்கி எழும்பிய கண் அல்ல அது. உதடு வெள்ளையாக இருந்தது.

"நீ தூங்கல்லயா?"

"இல்ல. நீங்க கியரத் தள்ளினத கண்டேன். வேகம் கூடிக்கொண்டு போனதும் தெரிஞ்சிச்சு. பொறகு கண்ண மூடிக்கொண்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. "கண்டும் ஏன் நீ செல்லல்ல? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் அப்பவே கியர்ல போட்டிருப்பேனே மகள். ஏன் கத்தல்ல?"

இன்ஷிரா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "கத்தினா நீங்க பயந்துடுவீங்க எண்டுதான்" என்றாள். "வீட்டுல எப்பவும் அப்பிடித்தானே. வாப்பாக்குச் செல்லாதீங்க, வாப்பா பயந்துடுவார் எண்டு உம்மா சின்னதுலயே செல்லித் தந்திச்சு. ஸ்கூல் பஸ் மோதின அண்டைக்கும் செல்லல்ல. போன வருசம் உம்மாக்கு நெஞ்சு வலி வந்து பெரியாஸ்பத்திரியில காட்டினதும் ஒங்களுக்குத் தெரியாது. எனக்கு அது பழகிப் போச்சு வாப்பா. வாய் தொறக்குதே இல்ல."

அரூஸ் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து, அந்தப் பயம்தான் வீட்டைக் காக்கிறது என்று நினைத்திருந்தார். அது வீட்டில் உள்ளவர்களின் வாயை அடைத்து வைத்திருந்ததை அவர் அறியவில்லை. மஸீனாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. நேற்றும் அவள் ஒன்றும் சொல்லாமல்தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். பின்னால் இருந்த பிள்ளை சாவு வருவதைக் கண்டுகொண்டே, அவர் பயப்படுவாரே என்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதார்.

சில்லுகள் ஆறும் வரை காத்திருந்தார்கள். ரிஸ்கான் வந்து கதவைத் திறந்தபோது, அரூஸ் சாவியை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. "எனக்கும் கை நடுங்குது மாமா. நீங்களே இறக்குங்க" என்றான். அவன் குரலில் கோபம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

"அப்ப நீங்க பின்னுக்குப் போங்க. இன்ஷிரா, நீ முன்னுக்கு வா" என்றார் அரூஸ். "பிழை கண்டா செல்லு. எனக்குப் பயம் வந்தா வரட்டும்."

அவள் மெல்ல இறங்கி வந்து முன்னால் உட்கார்ந்து, பட்டியை வயிற்றுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். ரிஸ்கான் தாய்க்குப் பக்கத்தில் ஏறியதும் உம்மு குல்சும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வந்துட்டமா தம்பி? நல்ல கார்" என்றார்.  அரூஸ் பிஸ்மி சொல்லி, தாழ்ந்த கியரில் போட்டு, காரை மெல்லப் பாதைக்கு இறக்கினார். எஞ்சின் முனகிக்கொண்டு பிடித்து நின்றது. அடுத்த வளைவு தெரிந்தது, அதற்கு அப்பால் பள்ளமும் தண்ணீரும்.

இன்ஷிரா அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா ஈக்கு வாப்பா" என்றாள். "இன்னும் மெதுவா."